இருநூறு ரூபா மீட்டரும் இருபதாயிரம் ரூபா பேச்சும்

போன ஞாயித்துக்கிழமை டீக்கடையில ஒரு பெரிய சண்டை. காரணம் அரசியல் இல்ல, சினிமா இல்ல, கிரிக்கெட் கூட இல்ல. மல்டிமீட்டர்! சிரிக்காதீங்க மக்கா, நிஜமாவே மல்டிமீட்டர்தான். டீ ஆறி ஆடை கட்டுற வரைக்கும் மூணு பேர் கத்திக்கிட்டு இருந்தோம். அங்க சொல்ல முடியாம விட்டதையெல்லாம் இங்க கொட்டிடலாம்னு உக்காந்திருக்கேன். நீளமான பதிவு. சோம்பல் படுறவங்க நேரா கடைசி பத்திக்குப் போயிடாதீங்க, அங்க ஒண்ணும் இல்ல :-)

விஷயம் இதுதான். சொந்த பைக்கையோ காரையோ வீட்டுலயே கொஞ்சம் பாத்துக்கணும்னு நினைக்கிற ஒரு ஆளு, என்ன மீட்டர் வாங்கலாம்னு எங்க கூட்டத்துல கேட்டார். உடனே ரெண்டு கட்சி.

முதல் கட்சி: "வாங்கினா ஃப்ளூக் வாங்கு, இல்லைன்னா வாங்காத. மத்ததெல்லாம் பொம்மை."

ரெண்டாவது கட்சி: "அட போய்யா, மஞ்ச கலர் மீட்டர் இருநூறு ரூபாய்க்குக் கிடைக்குது. பன்னெண்டு வோல்ட்டு பாக்க அது போதாதா? மீதிக் காசுக்குப் பிரியாணி சாப்பிடு."

என் கட்சி என்னன்னா, ரெண்டு பேருமே தப்பு. ரெண்டு பேராலயும் நஷ்டப்படப்போறது கேள்வி கேட்ட அந்த மனுஷன்தான். இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லல. ஒரு ஆட்டோக்கார அண்ணனோட காசுல பாடம் படிச்சுட்டு வந்து சொல்றேன். அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன். முதல்ல ஃப்ளூக் கட்சிக்காரர்கிட்ட ரெண்டு வார்த்தை.

ஐயா, ஃப்ளூக் நல்ல மீட்டர்தான், யாரு இல்லைன்னா? 1948-ல ஆரம்பிச்ச அமெரிக்கக் கம்பெனி. மாடி மேலேர்ந்து விழுந்தாலும் அடுத்த நாள் வேலை செய்யும்னு சொல்வாங்க. தொழிற்சாலையில 415 வோல்ட் பேனலைத் தினம் திறந்து மூடுற எலக்ட்ரீஷியனுக்கு அது உயிர்க்கவசம். அவருக்கு அதுதான் வேணும். அதுல எனக்கு மறுபேச்சே இல்ல.

ஆனா மாசத்துக்கு ஒரு தடவை பைக் பாட்டரியைத் தொட்டுப் பாக்கப்போற ஒருத்தர்கிட்ட, அவரு பைக்கை வித்தாத்தான் வாங்க முடியும்ங்கற விலையில ஒரு மீட்டரைக் காட்டி, "இது இல்லைன்னா இறங்காதே"ன்னு சொன்னா என்ன நடக்கும்? அவரு எந்த மீட்டரும் வாங்க மாட்டார். மீட்டரே இல்லாம மெக்கானிக் கடை வாசல்ல நின்னு, "பாட்டரி போச்சு சார்"ங்கற தீர்ப்பைத் தலையாட்டிக் கேட்டுட்டு வருவார். உங்க உயர்ந்த ரசனையோட பலன் அவ்ளோதான். பத்து பேரு அளக்கறதையே விட்டுட்டான்.

கணக்கு போட்டுப் பாருங்களேன். நம்ம வண்டியில பாக்க வேண்டிய நம்பர்கள் எவ்ளோ துல்லியமா வேணும்? 12 வோல்ட் லெட் ஆசிட் பாட்டரியில ஆறு செல். செல்லுக்கு ரெண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல. வண்டியை நிறுத்தி ராத்திரி பூரா ஓய்வெடுத்த பாட்டரி 12.6, 12.7 காட்டினா முழு சார்ஜ். 12.4-ன்னா முக்கால். 12.2-ன்னா பாதி. 12-க்குக் கீழ போனா கிட்டத்தட்ட காலி. 10.5 பக்கம் நின்னுடுச்சுன்னா ஒரு செல்லே செத்துருச்சோன்னு சந்தேகப்படணும். எஞ்சின் ஓடுறப்ப பாட்டரி முனையில பதிமூணரைக்கு மேல, பதினாலரை பக்கம் வரணும். பதிமூணே தாண்டலைன்னா சார்ஜ் ஏறல. பதினஞ்சுக்கு மேல எகிறுச்சுன்னா ரெகுலேட்டர் போச்சு, பாட்டரியைக் கொதிக்க வெச்சிடும். கார்ல செல்ஃப் அடிக்கும்போது வோல்ட்டேஜ் ஒன்பதரைக்குக் கீழ விழக்கூடாது.

இவ்ளோதான். இதுல எதுக்குமே பத்தில் ஒரு பங்கு வோல்ட்டைத் தாண்டின நுணுக்கம் வேணாம். ஒழுங்கா வேலை செய்யற எந்த டிஜிட்டல் மீட்டரும் இதைக் காட்டும். பன்னெண்டு வோல்ட்டைப் பன்னெண்டுன்னு காட்ட பரம்பரைப் பெருமை தேவையில்ல.

சரி, அப்போ இருநூறு ரூபா மீட்டரே போதுமேன்னு ரெண்டாவது கட்சிக்காரர் மீசையை முறுக்குறாரு. இருங்க தல, உங்களுக்குத்தான் இருக்கு பெரிய ஆப்பு.

எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த மஞ்ச மீட்டர், டிடி-830டி. ரிச்சி தெருவுல பிளாட்பாரத்துல கூட குவிச்சு வெச்சு விப்பாங்க. யார் தயாரிக்கிறாங்கன்னு கேட்டா யாருக்கும் தெரியாது, ஊர்ப்பட்ட சீனத் தொழிற்சாலைகள் அதே அச்சை வார்க்குது. உள்ளே இருக்கறது 1970களில் இன்டர்சில் கம்பெனி கொண்டுவந்த 7106 சிப்போட வம்சம். அந்த சிப் நல்ல சிப். டிசி வோல்ட் அளக்கறதுல அந்த மீட்டர் விலைக்கு மீறின வேலை செய்யும், ஒத்துக்கறேன். நானே எட்டு வருஷம் அதைத்தான் வெச்சிருந்தேன்.

பிரச்சனை வேற இடத்துல. அதுல மூணு ஓட்டை இருக்கும். ஒண்ணு காம். ஒண்ணு வோல்ட், ஓம், மில்லிஆம்ப். இன்னொண்ணு 10 ஆம்ப். அந்தப் பத்து ஆம்ப் ஓட்டைக்குப் பக்கத்துல பொடி எழுத்துல ஒரு வார்த்தை அச்சடிச்சிருப்பான். அதுக்கு அர்த்தம், "இங்க ஃப்யூஸ் கிடையாது". எட்டு வருஷத்துல நான் அதைப் படிச்சதே இல்ல. ஒரு நாள் படிக்க வெச்சுது.

பைக்கை நிறுத்தி வெச்சா நாலு நாள்ல பாட்டரி இறங்குது. எங்கயோ கரன்ட் கசியுதுன்னு பாட்டரி நெகட்டிவைக் கழட்டி, நடுவுல மீட்டரை ஆம்ப்ல வெச்சு அளந்தேன். ஆரன் ஒயர்ல ஒரு கசிவு, கண்டுபிடிச்சாச்சு. சந்தோஷத்துல பாட்டரியைத் திரும்ப மாட்டி, "வோல்ட் எவ்ளோ இருக்கு பாப்போம்"னு டயலை மட்டும் வோல்ட்டுக்குத் திருப்பினேன். சிவப்பு ஒயரை ஓட்டை மாத்தல. அது இன்னும் பத்து ஆம்ப் ஓட்டையிலதான் இருக்கு.

ஆம்ப் ஓட்டைங்கறது உள்ளே ஒரு தடிமனான கம்பி, அவ்ளோதான். டயல் எங்க நின்னாலும் அது கம்பிதான். அதாவது நான் பாட்டரியோட ரெண்டு முனையையும் ஒரு கம்பியால இணைச்சேன். சின்ன பைக் பாட்டரிதான், ஆனா ஷார்ட் ஆனா அது நூறு ஆம்ப்புக்குக் குறைவில்லாம துப்பும். ஃப்யூஸ் இல்லாத இடத்துல எது மெலிசோ அதுதான் ஃப்யூஸ். இங்க மெலிசு, என் கையில இருந்த ஒயர். ஒரு நொடியில தோல் இளகி ஒழுகிருச்சு. நுனி பாட்டரி முனையில ஒட்டிக்கிச்சு. புகை. நான் உதறின உதறுல மீட்டர் போய் செவுத்துல மோதுச்சு. பக்கத்துல டார்ச் புடிச்சுக்கிட்டு எட்டு வயசு பொண்ணு நின்னுட்டு இருந்தா. "அப்பா, இது இப்படித்தான் அளக்கணுமா?"ன்னு கேட்டா. விரல்ல இப்பவும் ஒரு தழும்பு இருக்கு. சார்ஜ் ஏறி முடிஞ்ச லெட் ஆசிட் பாட்டரிக்குப் பக்கத்துல ஹைட்ரஜன் இருக்கும்ங்கறது அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. ராத்திரி தூக்கம் வரல.

"அது உன் கவனக்குறைவு, மீட்டரை ஏன் திட்டுற?"ன்னு கேப்பீங்க. கரெக்டு. தப்பு என்னுதுதான். ஆனா எல்லாரும் ஒரு நாள் பண்ணுற தப்பு இது. ஒழுங்கான மீட்டரா இருந்தா உள்ளே ஃப்யூஸ் "டப்"னு போயிருக்கும், முப்பது ரூபாயோ ஐம்பது ரூபாயோ செலவு, முடிஞ்சுது. தப்பு பண்ணவே பண்ணாத ஆளுக்கு எந்த மீட்டரும் போதும். அந்த ஆளை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல.

இன்னொண்ணும் யோசிங்க. வண்டிக்குன்னு வாங்கின மீட்டர் வண்டியோடவா நிக்குது? அடுத்த வாரம் வீட்டுல மிக்ஸி ஓடலைன்னு பிளக் பாயின்ட்ல சொருகுவோம். அங்க 230 வோல்ட். அதே தப்பை, ஒயர் ஆம்ப் ஓட்டையில இருக்கறப்ப, அங்க பண்ணினா? நினைச்சுப் பாக்கவே வேணாம். முகப்புல "கேட் 3, 600 வோல்ட்"னு அச்சடிச்சிருக்கேன்னு சொல்லாதீங்க. அச்சடிக்க மை போதும். திறந்து பாத்தா உள்ளே ஃப்யூஸே இல்லாத மீட்டர் வெளியே எந்த கேட் போட்டா நமக்கென்ன?

மூணாவதா ஒரு கோளாறு, இது ரொம்ப பேருக்குத் தெரியாது. அந்த மஞ்ச மீட்டருக்குள்ள இருக்கற 9 வோல்ட் பாட்டரி இறங்க ஆரம்பிச்சா, மீட்டர் குறைச்சுக் காட்டாது, கூட்டிக் காட்டும். ஒப்பிட்டுப் பாக்கற அளவுகோலே உள்ளே சுருங்கிப்போயிடறதால வெளியே இருக்கறதெல்லாம் பெருசாத் தெரியும். 12.1 இருக்கற பாட்டரியை 12.9-ன்னு காட்டி, "நல்லாத்தானே இருக்கு"ன்னு நம்மளை அனுப்பி வெக்கும். மலிவு மீட்டர் வெச்சிருக்கறவங்க பாட்டரி சின்னம் திரையில வந்தா, முதல்ல அந்த 9 வோல்ட்டை மாத்திட்டு அப்புறம் வண்டிக்கு வாங்க.

சரி, இப்போ ஆட்டோ அண்ணன் கதை.

எங்க தெருவுல இருக்காரு. என்னைத் "தம்பி"ன்னுதான் கூப்பிடுவார். நாலஞ்சு ஸ்கூல் பசங்களை மாசக் கணக்குல சவாரி ஏத்துறார். அதுதான் அவருக்கு நிலையான வருமானம், மத்ததெல்லாம் அன்னன்னைக்கு அடிக்கிறதுதான். ஒரு நாள் காலையில, "தம்பி, செல்ஃப் எடுக்க மாட்டேங்குதுப்பா. டிக்கு டிக்குன்னுது, சுத்த மாட்டேங்குது. நீ அந்த மிஷின் வெச்சிருக்கியே, கொஞ்சம் பாரேன்"னார்.

போனேன். பெருமையா மஞ்ச மீட்டரை எடுத்தேன். (எரிஞ்ச ஒயருக்குப் புது ஒயர் வாங்கிப் போட்டிருந்தேன். அறிவு வந்தாலும் காசு செலவு பண்ண மனசு வரல.) பாட்டரி 12.4. பரவாயில்ல. எர்த் ஒயரைப் பாப்போம்னு பஸ்ஸர்ல வெச்சு ஒரு முனையை பாட்டரி நெகட்டிவ்ல, இன்னொரு முனையை எஞ்சின்ல வெச்சேன். "பீப்"னு கத்துச்சு. பாசிட்டிவ் ஒயரும் பீப். "ஒயரெல்லாம் சூப்பர்ணே. பாட்டரிதான் லோடுல படுத்துக்குது. மாத்திடுங்க"ன்னு தீர்ப்பு எழுதிட்டு ஆஃபீஸ் போயிட்டேன்.

கடையிலயும் போய்க் கேட்டிருக்கார். அவங்களும் பாட்டரின்னு சொல்லிட்டாங்க. சொல்ல மாட்டாங்களா, அவங்க விக்கிறது பாட்டரி. ஆனா கடைக்காரர் சொன்னதுனால அவரு மாத்தல. நான் சொன்னதுனாலதான் மாத்தினார், அதை அவரே சொன்னார். தண்டல்ல மூவாயிரத்து ஐநூறு வாங்கி, பழைய பாட்டரியை எடைக்குப் போட்டுட்டு, புதுசு மாட்டினார். புது பாட்டரி தெம்புல ரெண்டு வாரம் ஓடுச்சு. மூணாவது வாரம் மறுபடி டிக்கு டிக்கு. ஸ்கூல் நேரத்துல, பசங்களை உள்ள வெச்சுக்கிட்டு நடு ரோட்டுல நின்னுருச்சு. ரெண்டு வீட்டுல "வேற ஆட்டோ பாத்துக்கறோம்"னு சொல்லிட்டாங்க.

எனக்கு மூஞ்சியில முழிக்க முடியல. அந்த வாரம் சித்தப்பா ஊர்லேர்ந்து வந்திருந்தார். அரசு பஸ் பணிமனையில முப்பது வருஷம் எலக்ட்ரிகல் பாத்து ரிட்டையர் ஆனவர். விஷயத்தைச் சொன்னேன். சிரிச்சார்.

"ஏன்டா, சும்மா படுத்திருக்கற ஒயர்கிட்டப் போய் நல்லா இருக்கியான்னு கேட்டா, நல்லா இருக்கேன்னுதான் சொல்லும். பாரத்தைத் தூக்கச் சொல்லிட்டுக் கேளு, அப்ப தெரியும்"னார்.

மக்களே, இந்தப் பதிவுல ஒரே ஒரு வரி மட்டும் ஞாபகம் வெச்சுக்குவீங்கன்னா, அது மேல இருக்கற அந்த வரியா இருக்கட்டும்.

பஸ்ஸர் வெச்சு அளக்கும்போது மீட்டர் ஒயர் வழியா அனுப்பறது மில்லிஆம்ப் கணக்குல ஒரு துளி கரன்ட். நூறு இழை இருக்கற கேபிள்ல தொண்ணூத்தெட்டு இழை பூத்துப்போய் ரெண்டு இழை மட்டும் மிச்சமிருந்தாலும் அந்தத் துளிக்கு அது ராஜபாட்டை. பீப்! ஆனா செல்ஃப் மோட்டார் கேக்கறது பத்து, ஐம்பது, கார்ல நூத்துக்கு மேல ஆம்ப். அது போற ஒயரை ஓம் பாத்தும் பஸ்ஸர் கேட்டும் தீர்ப்பு சொல்லவே முடியாது. பீப்ங்கறது பொய்சாட்சி.

செய்ய வேண்டியது வேற. மீட்டரை 20 வோல்ட் டிசியில வைங்க. ஒரு முனை பாட்டரி நெகட்டிவ் குமிழ் மேல. இன்னொரு முனை எஞ்சின் பிளாக்குல, பெயின்ட் இல்லாத இடத்துல. ஒருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. ஒயர் நல்லா இருந்தா கால் வோல்ட்டுக்குள்ளதான் காட்டும். சித்தப்பா அண்ணனோட ஆட்டோவுல இதைச் செஞ்சப்போ மீட்டர் 3.1 காட்டுச்சு. பாட்டரி முனையில அந்த நேரம் 11.9. பாசிட்டிவ் பக்கத்துல 0.3. அதாவது கிளம்பின 11.9-ல மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது எட்டரைதான். மூணு வோல்ட்டுக்கு மேல எர்த் ஒயர்லயே சூடா எரிஞ்சு போகுது. எர்த் போல்ட்டைக் கழட்டினா அடியில துருவும் பச்சையும். உப்புத்தாள் போட்டுத் தேச்சு, புது எர்த் கேபிள் ஒண்ணு மாட்டினோம். செலவு நூத்தி இருபது ரூபா. செல்ஃப் முதல் தட்டுலயே எடுத்துச்சு.

மூவாயிரத்து ஐநூறு, அதுக்கு வட்டி, ரெண்டு ஸ்கூல் சவாரி. எதிர்ல நூத்தி இருபது. இதுதான் அந்தப் பீப்போட விலை. காசைத் திருப்பித் தர்றேன்னு போனேன். "விடு தம்பி, நீ என்ன கெட்டதுக்கா சொன்ன"ன்னுட்டார். திட்டியிருந்தா தேவலாம்.

இதுல எனக்கு எதிரா நானே ஒரு பாயின்ட் சொல்லிடறேன், நீங்க பின்னூட்டத்துல வந்து குத்தறதுக்கு முன்னாடி. சித்தப்பா அன்னைக்கு அளந்தது என்னோட அதே மஞ்ச மீட்டர்லதான் :-) ஆமா. அளக்கத் தெரிஞ்சவர் கையில அது நிஜத்தைச் சொல்லுச்சு. ஃப்ளூக்கையே வெச்சு நான் பஸ்ஸர் கேட்டிருந்தாலும் அதுவும் பீப்னுதான் கத்தியிருக்கும், கொஞ்சம் இனிமையா. அதனாலதான் சொல்றேன், மீட்டருக்குன்னு ஒதுக்கின காசுல பெரும்பகுதியைப் பேருக்குக் கொடுக்காதீங்க, பாதுகாப்புக்குக் கொடுங்க. மிச்சத்தை அளக்கக் கத்துக்கறதுல செலவு பண்ணுங்க, அது இலவசம்.

அப்போ எதைத்தான் வாங்கறது? என் கணக்குல ஆயிரம் ரூபாயில ஆரம்பிச்சு ஆயிரத்து ஐநூறுக்குள்ள. மாடல் நம்பர் சொல்ல மாட்டேன், அடுத்த வருஷம் அதே பேர்ல உள்ளே வேற சரக்கு இருக்கும். கடையில கையில வாங்கிப் பாக்க வேண்டியதைச் சொல்றேன்.

1. ஃப்யூஸ். மில்லிஆம்ப், 10 ஆம்ப் ரெண்டு ஓட்டைக்கும் ஃப்யூஸ் இருக்கணும். அச்சடிச்சதைப் படிங்க, முடிஞ்சா பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்க. கண்ணாடி ஃப்யூஸை விட மணல் நிரப்பின பீங்கான் ஃப்யூஸ் மேல். போனா அதே அளவு ஃப்யூஸைத்தான் போடணும். செம்புக் கம்பியைச் சுத்திப் போடறதா இருந்தா இந்தப் பதிவைப் படிச்சதே தண்டம்.

2. ஒயர். மெல்லிசா, முறுக்குனா முறிஞ்சிடற மாதிரி இருந்தா வேணாம். கூட ஒரு ஜோடி முதலைக் கிளிப் வாங்குங்க. செல்ஃப் அடிச்சுக்கிட்டே ரெண்டு கையால முனையைப் புடிச்சுக்கிட்டு நிக்க நமக்கு நாலு கை இல்ல.

3. மில்லிவோல்ட். டிசியில 200 மில்லிவோல்ட் ரேஞ்சு, பத்தில் ஒரு மில்லிவோல்ட் வரை காட்டணும். கசிவு கரன்ட் பாக்க கார்ல பாட்டரியையே கழட்ட வேணாம், ஒவ்வொரு ஃப்யூஸ் தலையிலயும் இருக்கற ரெண்டு புள்ளிக்கு நடுவுல மில்லிவோல்ட் பாத்தா எந்த லைன்ல கரன்ட் ஓடுதுன்னு தெரிஞ்சிடும். கார் கதவைப் பூட்டி, உள்ளே இருக்கற கம்ப்யூட்டரெல்லாம் தூங்கற வரைக்கும் பொறுமையா இருங்க. மொத்தக் கசிவு 50 மில்லிஆம்ப்புக்குள்ள இருந்தா பெரும்பாலும் கவலை வேணாம். பைக்ல அதை விட ரொம்பக் குறைவா இருக்கணும்.

4. சின்ன ஏசி ரேஞ்சு. மஞ்ச மீட்டர்ல ஏசி 200-லதான் ஆரம்பிக்கும். ஆல்டர்னேட்டர்ல டயோடு போயிருந்தா டிசியோட அரை வோல்ட் ஏசி கலந்து வரும், அதை அங்க பாக்க முடியாது. "ட்ரூ ஆர்எம்எஸ்"ங்கற வார்த்தைக்காகத் தனியா காசு அழ வேணாம். நாம பாக்கறதுல முக்காவாசி டிசி, அதுக்கும் அந்த வார்த்தைக்கும் சம்பந்தமே இல்ல.

5. விளக்கும் தானா அணையறதும். சீட்டுக்கு அடியில இருட்டுல எட்டிப் பாக்கும்போது திரை வெளிச்சம் வேணும். அளந்துட்டு அணைக்க மறந்துடுவோம், அது தானா அணையணும்.

6. கிளாம்ப் மீட்டர் ஏமாத்து. "இதுல ஒயரைக் கடிக்க வெச்சா போதும் சார், ஆம்ப் காட்டும்"னு ஒண்ணு நீட்டுவாங்க. மலிவு கிளாம்ப் மீட்டர்ல பெரும்பாலானது ஏசி கரன்ட் மட்டும்தான் அளக்கும். வண்டியில ஓடறது டிசி. பூஜ்யம் காட்டும், நீங்க கசிவே இல்லைன்னு நிம்மதியா தூங்குவீங்க.

எந்த மீட்டரா இருந்தாலும் சில இடங்கள்ல கை வெக்கவே கூடாது. செல்ஃப் மோட்டார் லைன்ல மீட்டரை ஆம்ப்ல சொருகாதீங்க, அது பத்து ஆம்ப் ஆள், செல்ஃப் அதுக்கு அப்பன். ஏர்பேக் ஒயர்ல, பொதுவா மஞ்ச கனெக்டரா இருக்கும், ஓம் பாக்காதீங்க. எலக்ட்ரிக் கார், ஹைப்ரிட் கார்ல ஆரஞ்சு கேபிளைத் தொடாதீங்க, அங்க ஓடறது சில நூறு வோல்ட். அங்க வர்றப்போ ஃப்ளூக் கட்சிக்காரர் ஜெயிச்சிடறார், நான் ஓரமா நின்னுக்கறேன்.

"நீயே எல்லாத்தையும் அளந்துட்டா மெக்கானிக் வயித்துல அடிக்கிற மாதிரி இல்லையா?"ன்னு டீக்கடையில ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. மரத்தடியில உக்காந்து ஒரு பல்பு, ரெண்டு ஒயர் வெச்சு அம்பது வண்டி சரி பண்ற எலக்ட்ரீஷியனை நான் கேலி பண்ண மாட்டேன். அந்த பல்பு என் பஸ்ஸரை விட நேர்மையானது, ஏன்னா அது ஒயர்கிட்ட கொஞ்சமாவது பாரம் தூக்கச் சொல்லிக் கேக்குது. புது எஃப்ஐ வண்டிகள்ல மட்டும் அந்த பல்பை ஈசியூ ஒயர்ல வெக்கக்கூடாது, அது இழுக்கற கரன்ட்டை அந்தச் சின்ன சர்க்யூட் தாங்காது.

நல்ல மெக்கானிக்குக்கு அளந்துட்டு வர்ற கஸ்டமரால நஷ்டம் இல்ல. "எர்த்ல மூணு வோல்ட் விழுது, பாருங்கண்ணே"ன்னு சொன்னா அவருக்கு அரை மணி நேரம் மிச்சம். நஷ்டம் யாருக்குன்னா, அளக்காமலே மாத்தறவங்களுக்கு. 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்ததுக்கப்புறம் பெரும்பாலான பைக்ல கார்புரேட்டர் போய் எஃப்ஐ ஆயிடுச்சு. நிறைய மாடல்ல கிக்கரே கிடையாது. முன்ன மாதிரி செத்த பாட்டரியோட உதைச்சு ஓட்டிட முடியாது, பம்ப்பும் ஈசியூவும் எழுந்திருக்கவே வோல்ட் வேணும். அதனால இப்ப எது கெட்டாலும் "பாட்டரி"ன்னு சொல்றது ரொம்ப சுலபம், கேக்கறவங்களும் நம்பிடறாங்க. அளக்கத் தெரியாத ஜனம் பெருகற அளவுக்கு எடைக்குப் போற நல்ல பாட்டரியும் பெருகும்.

1923-ல டொனால்ட் மெக்கடீன்னு ஒரு பிரிட்டிஷ் தபால் துறை எஞ்சினியர்தான் ஆம்ப், வோல்ட், ஓம் மூணையும் ஒரே பெட்டியில அடைச்சு அவோமீட்டர் கொண்டுவந்தார். தந்தி, டெலிபோன் லைனைப் பாக்க மூணு பெட்டியைத் தூக்கிட்டு அலைய முடியாமத்தான் அதைச் செஞ்சார். வேலைக்காரனோட சுமையைக் குறைக்கப் பிறந்த பொருள் அது. அதை ஒரு கௌரவச் சின்னமா மாத்தி எளியவன் கையிலேர்ந்து பிடுங்கறதும் தப்பு. பொம்மையா மாத்தி அவன் கையைச் சுடறதும் தப்பு.

அண்ணனுக்குக் காசு வேணாம்னுட்டாருல்ல, அதனால மேல சொன்ன ஆறு பாயின்ட்டும் பாத்து ஒரு மீட்டர் வாங்கிக் கொடுத்தேன். ஆயிரத்து இருநூறு. சீட்டுக்கு அடியில துணியில சுத்தி வெச்சிருக்கார். போன வாரம் ஸ்டாண்ட் பக்கமா போனேன். இன்னொரு ஆட்டோவுக்குக் குனிஞ்சு பாத்துக்கிட்டு, "பீப்பு கேக்காதடா, செல்ஃப் அடி, செல்ஃப் அடி"ன்னு கத்திக்கிட்டு இருந்தார். நான் வண்டியை நிறுத்தாம போயிட்டேன்.

டிஸ்கி 1: மஞ்ச மீட்டர் வெச்சிருக்கறவங்க தூக்கிப் போட வேணாம். அந்த 10 ஆம்ப் ஓட்டையை எம்-சீல் வெச்சு அடைச்சிடுங்க. வெறும் டிசி வோல்ட் பாக்க அது நல்ல அடிமை.

டிஸ்கி 2: ஃப்ளூக் வெச்சிருக்கற நண்பர் இதைப் படிச்சா கோவிச்சுக்க வேணாம். என்னைக்காவது ஆரஞ்சு கேபிள் வந்தா உங்களைத்தான் கூப்பிடுவேன். டீ என் கணக்கு.